கொப்பிக்காக வாசிப்பதும் மனதுக்காக வாசிப்பதும்

இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பமொன்றின் கையில் மிஞ்சியிருப்பவற்றை எண்ணினால் பட்டியல் நீளாது. காணியும் கிணறும் விட்டு வந்த இடத்திலே. மாடுகள் போன திக்குத் தெரியாது. நீர் இறைக்கும் இயந்திரம் யார் கையில் என்பதும் தெரியாது. சில குடும்பங்கள் ஆண்டுகள் பல கழித்துச் சொந்த ஊர் திரும்பியுள்ளன. சில குடும்பங்கள் இன்னமும் உறவினர் வளவிலும் பிறர் காணியிலும் காலத்தைக் கடத்துகின்றன. இரு சாராரிடமும் நாம் கேட்கும் வார்த்தை ஒன்றேதான்: "காணி பூமி போனாலும் பிள்ளையளின்ரை படிப்பை ஒருத்தரும் பறிக்கேலாது."

இந்த நம்பிக்கை சரியானது. எமது சமூகத்தைப் பல தடவைகள் தூக்கி நிறுத்தியதும் இதுவே. ஆனால் இந்த நம்பிக்கையின் நிழலிலேயே ஒரு காரியம் எமது கண்ணுக்குத் தப்பி நடந்துகொண்டிருக்கிறது. எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் பலர், தாமாக ஒரு புத்தகத்தைக் கையில் எடுப்பதில்லை. பரீட்சை முடிந்த நாளோடு புத்தகத்துக்கும் அவர்களுக்கும் உள்ள உறவு முடிந்துவிடுகிறது. படிப்பு பறிபோகவில்லை, வாசிப்பு மட்டும் வந்து சேரவேயில்லை. இது ஏன் என்பதையும், ஏழைக் குடும்பமொன்று இதற்கு என்ன செய்யலாம் என்பதையும் இக்கட்டுரையில் பார்ப்போம்.

கொப்பியை நிரப்பும் வேலை

எமது நாட்டில் ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் மாதம் தேசிய வாசிப்பு மாதமாகக் கொண்டாடப்படுகின்றது. அம்மாதத்திலும், வேறு தவணைகளிலும், பாடசாலைகளில் பிள்ளைகளிடம் வாசித்த நூலைப் பற்றி அறிக்கை எழுதிவரும்படி கேட்பதுண்டு. நூலின் பெயர், ஆசிரியர் பெயர், பதிப்பகம், பக்கங்களின் எண்ணிக்கை, கதைச் சுருக்கம், நீர் பெற்ற படிப்பினை எனத் தலைப்புகள் வரிசையாக இருக்கும். நோக்கம் நல்லதே. பிள்ளை வாசிக்க வேண்டும். வாசித்ததைத் தன் சொல்லில் எழுதப் பழக வேண்டும். இதில் யாரும் குறை காண முடியாது.

ஆனால் வீட்டில் நடப்பது என்ன? பிள்ளை புத்தகத்தின் பின்னட்டையைப் பார்க்கிறது. முன்னுரையில் இருந்து நான்கு வரிகளை எடுக்கிறது. இடையில் ஒரு பக்கத்தைப் புரட்டி இரண்டு பெயர்களைப் பொறுக்குகிறது. கடைசியில், "இந்நூல் மாணவர்களுக்கு மிகவும் பயனுள்ளது" என்று முடிக்கிறது. அண்ணன் சென்ற ஆண்டு எழுதிய கொப்பி தங்கைக்கு உதவுகிறது. தங்கையின் கொப்பி பக்கத்து வீட்டுக்குப் போகிறது. எல்லோருக்கும் புள்ளி கிடைக்கிறது. புத்தகத்தை மட்டும் ஒருவரும் வாசிக்கவில்லை.

ஆசிரியரைக் குறை சொல்லி இதைத் தீர்க்க முடியாது. நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் யார் வாசித்தார், யார் வாசிக்கவில்லை என்பதை ஓர் ஆசிரியை எப்படி அறிவது? ஆகவே எழுதி வாங்குகிறார். பிள்ளையையும் முழுவதாகக் குறை சொல்ல முடியாது. புத்தகத்தைத் தெரிந்தவர் வேறொருவர். தலைப்புகளை வகுத்தவர் வேறொருவர். எத்தனை பக்கம், எந்தத் திகதி என்பதையும் வேறொருவரே சொல்லிவிட்டார். பிள்ளைக்கு மிஞ்சியது பேனை பிடிக்கும் வேலை மாத்திரமே.

ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் கையில், கடுந்தமிழில் எழுதப்பட்ட பெரியார் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றைக் கொடுத்தால் என்ன நடக்கும்? இரண்டாம் பக்கத்தில் புத்தகம் மூடப்படும். அறிக்கை மட்டும் குறித்த நாளில் போய்ச் சேரும். இதிலிருந்து அப்பிள்ளை இரண்டு பாடங்களைக் கற்றுக்கொள்கிறது. ஒன்று, வாசிப்பு என்பது ஒரு சுமை. மற்றது, வாசிக்காத ஒன்றைப் பற்றியும் வாசித்ததுபோல எழுதலாம். முதலாவது பாடம் படிப்பைக் கெடுக்கிறது. இரண்டாவது ஆளையே கெடுக்கிறது.

"கதைப்புத்தகம் சோறு போடுமோ?"

பிள்ளை விரும்பியதை வாசிக்கட்டும் என்று நாம் சொன்னால், பெற்றோர் உடனே ஒரு கேள்வி கேட்பர். "கதைப்புத்தகம் வாசிச்சுச் சோதினை பாஸ் பண்ணேலுமோ? கதைப்புத்தகம் சோறு போடுமோ?" இது நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் இழந்த ஒரு தகப்பனுக்குப் பிள்ளையின் ஒரு மணித்தியாலமும் பெறுமதியானதே. அந்த நேரம் வீண்போவதை அவர் எப்படிப் பொறுப்பார்?

ஆனால் பரீட்சை என்பது என்னவென்று சற்று யோசித்துப் பார்ப்போம். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலாகட்டும், க.பொ.த. சாதாரண தரமாகட்டும், வினாத்தாளை வாசித்து விளங்குவதே முதல் வேலை. கணக்குப் பாடத்தில் கூட்டத் தெரிந்த பிள்ளை, வசனக் கணக்கில் தடுக்கி விழுவதைக் காண்கிறோம். கணக்குப் பிழைக்கவில்லை; வசனம் பிடிபடவில்லை. விஞ்ஞான வினாத்தாளிலும் சமூகக்கல்வியிலும் இதே கதைதான். மெதுவாக வாசிக்கும் பிள்ளைக்குக் கடைசி இரண்டு வினாவுக்கு நேரம் போதாமல் போகிறது.

வாசிப்பில் வேகம் எங்கிருந்து வரும்? சைக்கிள் ஓடப் பழகுவது சைக்கிள் ஓடித்தான். வாசிக்கப் பழகுவதும் நிறைய வாசித்துத்தான். பாடநூல் ஒன்றையே ஆண்டு முழுவதும் திரும்பத் திரும்பப் படிக்கும் பிள்ளைக்கு, மூன்றாம் தடவைக்குப் பிறகு மனப்பாடமே வேலை செய்கிறது. கண் வேலை செய்வதில்லை. புதிய சொல், புதிய வசனம், இதுவரை காணாத பக்கம் என்பன வேண்டும். அவை நிறைய வேண்டும். விருப்பமில்லாத ஒன்றை நிறையச் செய்யப் பிள்ளைகளால் இயலாது; பெரியவர்களாலும் இயலாது. ஆகவே பிள்ளை நிறைய வாசிக்க வேண்டுமானால், விரும்பியதை வாசிக்க விடுவதைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை.

எமது முன்னோர் வாசித்த விதம்

இது வெளிநாட்டிலிருந்து வந்த புதுக்கதை என்று எண்ண வேண்டாம். எமது ஊர்களில் எழுத்தறிவு வளர்ந்த வரலாற்றைப் பார்த்தால் இது விளங்கும்.

யாழ்ப்பாணத்துக் கோயில்களில் கந்தபுராணப் படிப்பு நீண்டகாலமாக நடந்துவரும் வழக்கம். ஒருவர் பாட்டை வாசிப்பார். இன்னொருவர் பயன் சொல்லுவார். தோட்டத்தால் வந்து கால்முகம் கழுவிய விவசாயி அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். கத்தோலிக்கக் கிராமங்களில் தவக்காலத்தில் வியாகுலப் பிரசங்கம் இராகத்தோடு வாசிக்கப்படும். கேட்டுக் கேட்டே அதை மனதில் வைத்திருந்த மூதாட்டிகள் பலர். இவர்களிடம் யாரும் அறிக்கை எழுதி வாங்கவில்லை. ஆனாலும் கதையில் ஒரு சொல் மாறினால் அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பின்னர் வாசிகசாலைகள் வந்தன. சனசமூக நிலையத்தின் நீண்ட மேசையில் அன்றைய பத்திரிகை விரித்துக் கிடக்கும். எழுத்துத் தெரிந்தவர் சத்தமாக வாசிப்பார். தெரியாதவர் சுற்றியிருந்து கேட்பார். பத்திரிகை வாசித்தே எழுத்தைத் திடப்படுத்திக்கொண்ட விவசாயிகள் எமது ஊர்களில் இருந்தார்கள்.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950ஆம் ஆண்டு தொடங்கி மூன்றரை ஆண்டுகள் வாராவாரம் வெளிவந்தது. வாசித்தவர்கள் அடுத்த இதழுக்காகக் காத்துக் கிடந்தார்கள். பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துக் கட்டி வைத்துக்கொண்டார்கள். 1947ஆம் ஆண்டு தொடங்கிய 'அம்புலிமாமா' பல தலைமுறைப் பிள்ளைகளுக்கு வாசிப்பைப் பழக்கிவிட்டது. எமது நாட்டில் 1970களில் வீரகேசரி நிறுவனம் ஈழத்து எழுத்தாளர்களின் நாவல்களைக் குறைந்த விலையில் வெளியிட்டது. நெடுந்தீவுக் கரையோர வாழ்வைச் சொல்லும் செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று', முல்லைத்தீவுப் பகுதியின் தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்ட அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' ஆகிய இரண்டும் 1973ஆம் ஆண்டு வந்தவை. பஸ்ஸிலும் கடைத்திண்ணையிலும் வயற்கொட்டிலிலும் இருந்து அவற்றை வாசித்தார்கள். எந்தப் பாடத்திட்டமும் அதை விதிக்கவில்லை.

பீஜித் தீவில் கண்ட பெறுபேறு

எமது அனுபவம் சொல்வதை ஆய்வும் சொல்கிறதா? சொல்கிறது. பசிபிக் சமுத்திரத்திலுள்ள பீஜி நாட்டில் 1980ஆம் ஆண்டளவில் வார்விக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் என்ற இரு கல்வியாளர்கள் ஒரு பரிசோதனை செய்தார்கள். பின்தங்கிய கிராமப் பாடசாலைகள் சிலவற்றைத் தெரிவு செய்து, நாலாம் ஐந்தாம் வகுப்புகளுக்கு வகுப்பொன்றுக்கு 250 கதைப் புத்தகங்கள் வீதம் கொடுத்தார்கள். எல்லாம் படங்களோடு கூடிய, பிள்ளைகள் விரும்பும் கதைகள். ஒரு பகுதி வகுப்புகளில் பிள்ளைகள் நாள்தோறும் சிறிது நேரம் தாங்கள் விரும்பிய புத்தகத்தை மௌனமாக வாசித்தார்கள். இன்னொரு பகுதியில் ஆசிரியர் கதையைச் சத்தமாக வாசித்துப் பிள்ளைகளோடு கலந்து பேசினார். வேறு சில பாடசாலைகள் வழக்கமான பாடமுறையையே பின்பற்றின.

1983ஆம் ஆண்டு இதன் பெறுபேறு வெளியிடப்பட்டது. கதைப் புத்தகம் கிடைத்த பிள்ளைகள் மற்றவர்களைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் வாசிப்பிலும் கேட்டு விளங்குவதிலும் முன்னேறியிருந்தார்கள். இரண்டாம் ஆண்டில் அந்த முன்னேற்றம் எழுத்து, இலக்கணம் ஆகியவற்றுக்கும் பரவியது. அவர்கள் வாசித்தது தாய்மொழியில் அல்ல, ஆங்கிலத்தில் என்பது கவனிக்கத்தக்கது. இரண்டாம் மொழிக்கே இந்தப் பலன் என்றால், வீட்டில் பேசும் தமிழில் வாசிக்கும் பிள்ளைக்கு நாம் ஏன் அஞ்ச வேண்டும்?

மௌனமாயிருக்கும் உரிமை

பிரான்ஸ் நாட்டில் டானியல் பெனாக் என்ற எழுத்தாளர் இருக்கிறார். பல ஆண்டுகள் பாடசாலை ஆசிரியராக இருந்தவர். வாசிப்பை வெறுத்த பிள்ளைகளோடு பழகிய அனுபவத்தைக் கொண்டு 1992ஆம் ஆண்டு ஒரு சிறு நூல் எழுதினார். அதில் வாசகனுக்குப் பத்து உரிமைகள் உண்டு என்கிறார். வாசிக்காமல் விடலாம், பக்கங்களைத் தாண்டிப் போகலாம், முடிக்காமல் வைத்துவிடலாம், வாசித்ததையே மீண்டும் வாசிக்கலாம், எதையும் வாசிக்கலாம், எங்கிருந்தும் வாசிக்கலாம், சத்தமாகவும் வாசிக்கலாம் என்று அந்த வரிசை போகிறது. கடைசி உரிமையே எமது விடயத்துக்கு நெருக்கமானது. வாசித்ததைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருக்கும் உரிமை அது.

புத்தகத்தை வெறுத்த வகுப்பு ஒன்றுக்கு ஆசிரியர் ஒருவர் எப்படி வழிகாட்டினார் என்பதையும் அந்நூல் சொல்கிறது. அவர் ஒரு தடித்த நாவலைக் கொண்டுவந்து சத்தமாக வாசிக்கத் தொடங்கினார். குறிப்பு எடுக்கச் சொல்லவில்லை. வினா எதுவும் கேட்கவில்லை. சில நாட்களில், அடுத்த பாடவேளை வரை காத்திருக்கப் பொறுமையில்லாத பிள்ளைகள் தாங்களே புத்தகத்தைத் தேடிப் போனார்கள்.

பெரியவர்கள் ஒவ்வொருவரும் இந்த உரிமைகளை அனுபவித்தே வருகிறோம். பத்திரிகையில் பிடிக்காத செய்தியைத் தாண்டிப் போகிறோம். விளையாட்டுப் பக்கத்தை முதலில் எடுக்கிறோம். மரண அறிவித்தலை மட்டும் வாசித்துவிட்டு மடித்து வைப்பவர்களும் உண்டு. எமக்கு உள்ளதைப் பிள்ளைக்கு மறுப்பதுதான் கேள்விக்குரியது.

இடம்பெயர்ந்த பிள்ளைக்கு ஏன் இது கூடுதலாக வேண்டும்?

இடப்பெயர்வினால் பாடசாலை ஆண்டுகளை இழந்த பிள்ளைக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. வயது பதின்மூன்று; வாசிப்பு எட்டு வயதுப் பிள்ளையினது. தன் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தால் வாசிக்க முடியாது. சின்ன வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தால் வெட்கம். 1995ஆம் ஆண்டு வலிகாமத்திலிருந்து வெளியேறிய காலத்திலும், 2009ஆம் ஆண்டு மெனிக் பாம் முகாம்களில் இருந்த காலத்திலும், மர நிழலிலும் தறப்பாள் கொட்டிலிலும் இருந்து படித்த பிள்ளைகள் இந்த நிலையை நன்கு அறிவார்கள். அவர்களுள் பலர் இன்று தாய் தகப்பனாகி விட்டார்கள்.

இப்படியான பிள்ளைக்கு விதித்த புத்தகம் ஒரு சுவர். தெரிவு செய்ய விட்டால், யாரும் வெட்கப்படுத்தாமல் தனக்கு ஏற்ற படியிலிருந்து அது ஏறத் தொடங்கும். படக்கதையாக இருக்கலாம். கிரிக்கெட் செய்தியாக இருக்கலாம். பகிடித் துணுக்காக இருக்கலாம். விதைப் பைக்கற்றில் அச்சிட்டிருக்கும் குறிப்பாகவும் இருக்கலாம். அந்தப் பிள்ளைக்கு அன்று அதுவே சரியான புத்தகம். படி ஏற ஏறப் புத்தகமும் பெரிதாகும்.

இன்னொன்றும் உண்டு. துன்பத்தைக் கண்ட பிள்ளைக்குத் துன்பத்தைப் பற்றிய புத்தகமே ஏற்றது என்று பெரியவர்கள் முடிவு செய்துவிடுவதுண்டு. சில பிள்ளைகளுக்கு அது ஆறுதல். வேறு சில பிள்ளைகளுக்குச் சிரிக்க வேண்டும்; பேசும் குரங்கும் பறக்கும் கம்பளமும் வேண்டும். எது வேண்டும் என்பது அப்பிள்ளைக்கே தெரியும். வளர்ந்த பிள்ளைகள் சிலர் தாமாக 'நிலக்கிளி' போன்ற நூலைத் தேடி எடுப்பார்கள். அந்தக் கதை நடக்கும் தண்ணிமுறிப்பு மக்களும் 1984ஆம் ஆண்டு இடம்பெயர்ந்தவர்களே. அப்பு வேட்டைக்குப் போன காட்டையும் அம்மம்மா தண்ணீர் அள்ளிய குளத்தையும் காணாத பிள்ளை, அவற்றை ஒரு புத்தகத்தில் காணும்போது அந்த மண் அதற்கு அந்நியமாகப் போகாது. ஆனால் அதையும் கட்டாயப்படுத்திக் கொடுத்தால் மறுபடியும் அது கொப்பி வேலையாகிவிடும்.

வீட்டில் செய்யக்கூடியவை

இதற்குப் பணம் அதிகம் வேண்டியதில்லை. பின்வருவனவற்றை எந்தக் குடும்பமும் செய்யலாம்.

1. தெரிவைப் பிள்ளையிடம் விடுங்கள். மூன்று நான்கு புத்தகங்களை முன்னே வைத்து, ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். கடினமா இலகுவா என்று அறிய ஒரு வழி உண்டு. ஒரு பக்கத்தை வாசிக்கும்போது விளங்காத சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கச் சொல்லுங்கள். பக்கம் முடியுமுன் ஐந்து விரலும் மடங்கினால் அந்தப் புத்தகம் இப்போதைக்குக் கடினம்.

2. பிடிக்காததை வைத்துவிட அனுமதியுங்கள். இருபது பக்கம் வாசித்தும் ஒட்டவில்லையென்றால் வேறொன்றை எடுக்கட்டும். மண்ணுக்கு ஒவ்வாத விதையை அடுத்த போகத்திலும் விதைக்க நாம் அடம்பிடிப்பதில்லையே.

3. நாளுக்குப் பத்து நிமிடம் வாசித்துக் கேளுங்கள். வாசிக்கத் தெரியாத தாயும் இதைச் செய்யலாம். விளக்கு வைத்தபின் பிள்ளை வாசிக்கட்டும். அம்மாவும் அம்மம்மாவும் கேட்கட்டும். கேட்பதற்கு ஆள் இருக்கும்போது பிள்ளையின் வாசிப்பு தானாகத் திருந்தும். பிழையை உடனுக்குடன் திருத்த வேண்டாம். கதை ஓடட்டும்.

4. பரீட்சைக் கேள்வி கேட்க வேண்டாம். "படிப்பினை என்ன?" என்று கேட்டால் பிள்ளை வாய் மூடிவிடும். கீழே உள்ளதுபோலப் பேசிப் பாருங்கள்.

"என்ன பிள்ளை, தனிய இருந்து சிரிக்கிறாய்?"

"இந்த நரி செய்யிற வேலையைப் பாருங்கோ அப்பா!"

"அப்பிடி என்ன செய்தது? எனக்கும் ஒருக்கா வாசிச்சுக் காட்டு."

வாசித்துக் காட்டும்போதே பிள்ளை கதையை விளங்கியதா இல்லையா என்பது தகப்பனுக்குத் தெரிந்துவிடும். இதைவிட நல்ல அறிக்கை வேறில்லை.

5. ஒரே புத்தகத்தை நாலு தரம் வாசித்தால் ஏச வேண்டாம். பழகிய பாதையில் பிள்ளை வேகமாக நடக்கப் பழகுகிறது.

6. அம்மம்மாவின் கதையைப் புத்தகமாக்குங்கள். அவர் சொல்வதைப் பிள்ளை ஒரு கொப்பியில் எழுதட்டும். தம்பி படம் கீறட்டும். விட்டு வந்த ஊரின் கதை, அந்தக் கிணறு வெட்டிய கதை, பெரும்போக வெள்ளத்தின் கதை என எத்தனையோ உண்டு. வீட்டில் புத்தகமே இல்லை என்பவர்களுக்கு இதுவே முதல் புத்தகம்.

7. என்ன வாசிக்கிறது என்பதில் ஒரு கண் வைத்திருங்கள். தெரிவுச் சுதந்திரம் என்பது பெற்றோர் ஒதுங்கிக்கொள்வது அல்ல. கைத்தொலைபேசியில் வாசிக்கும் பிள்ளை வாசிப்பை விட்டு வேறெங்கோ போய்விடக்கூடும். வேலியைப் பெரியவர் அடைக்க வேண்டும். வேலிக்குள்ளே எந்த மரத்தில் ஏறுவது என்பது பிள்ளையின் பாடு.

அறிக்கை எழுதத்தான் வேண்டும் என்றால்

பாடசாலை கேட்டால் அறிக்கை எழுதத்தான் வேண்டும். விரும்பி வாசித்த புத்தகத்தைப் பற்றி எழுதினால் அது சுமையாகாது. உண்மையை எழுதப் பிள்ளைக்குத் துணிவு கொடுங்கள். "அறுபதாம் பக்கம் வரை வாசித்தேன். பேய் வரும் இடம் பிடித்தது. அதற்குப் பிறகு ராஜாவின் சண்டை நீண்டுகொண்டு போனதால் அலுத்துவிட்டது" என்று ஒரு பிள்ளை எழுதினால், அது பின்னட்டையில் பார்த்தெழுதிய இரண்டு பக்கத்தைவிடப் பெறுமதியானது. ஏனெனில் அங்கே ஒரு பிள்ளை உண்மையாக வாசித்திருக்கிறது, யோசித்திருக்கிறது, தன் சொல்லில் சொல்லியிருக்கிறது.

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களில் பெற்றோர் வாய் திறப்பது குறைவு. "நாங்கள் என்ன படிச்ச ஆக்களோ?" என்று பின்வரிசையில் இருந்துவிடுகிறோம். ஆனால் மரியாதையோடு சில காரியங்களைக் கேட்கலாம். ஒரே புத்தகத்தை எல்லோருக்கும் விதிக்காமல் பத்தில் ஒன்றைத் தெரிய விடலாமா? எழுத இயலாத பிள்ளை வாயால் சொல்லவோ படமாகக் கீறவோ விடலாமா? வாரத்தில் ஒரு பாடவேளை எல்லோரும், ஆசிரியர் உட்பட, மௌனமாக வாசிக்கலாமா? "ரீச்சர், அந்தக் கண்ணாடி அலுமாரியைத் திறந்து விட்டால் என்ன?" என்றும் கேட்கலாம்.

இந்தக் கடைசிக் கேள்வி முக்கியமானது. நன்கொடையாக வந்த நல்ல புத்தகங்கள் பல பாடசாலைகளில் பூட்டிய அலுமாரிக்குள் புத்தம் புதிதாக இருக்கின்றன. கிழிந்துவிடும், தொலைந்துவிடும், கணக்குக் காட்ட வேண்டும் என்ற பயமே காரணம். தமிழகத்து நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் நூலகத்துக்கு ஐந்து விதிகளை வகுத்தார். புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே என்பது அதில் முதல் விதி. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது இரண்டாம் விதி. கிழிந்த புத்தகம் வாசிக்கப்பட்ட புத்தகம். பூட்டி வைத்து இராமபாணப் பூச்சி அரித்த புத்தகமே உண்மையில் தொலைந்த புத்தகம்.

ஒரு பெட்டி போதும்

நூலகம் என்றதும் பெரிய கட்டடத்தை எண்ணிப் பின்வாங்க வேண்டாம். ரங்கநாதன் தம் விதிகளை வெளியிட்ட அதே 1931ஆம் ஆண்டில், தஞ்சை மண்ணின் மன்னார்குடிப் பகுதியில் ஒரு மாட்டுவண்டியையே நூலகமாக்கிக் கிராமம் கிராமமாகக் கொண்டு சென்றார்கள். வயல் வேலைக்குப் போகும் மக்களைத் தேடிப் புத்தகம் போனது. யாழ்ப்பாணப் பொது நூலகமும் 1933ஆம் ஆண்டு கே.எம். செல்லப்பா என்பவர் தம் வீட்டில் தொடங்கிய சிறு முயற்சியில் இருந்தே வளர்ந்தது. 1981ஆம் ஆண்டு அது எரிக்கப்பட்டபோது அங்கே ஏறக்குறைய 97,000 நூல்கள் இருந்தன. ஒரு வீட்டின் மூலையில் இருந்து அத்தனை பெரிதாக அது வளர்ந்திருந்தது. எரிந்த பின்னரும் அது மீளக் கட்டப்பட்டு இன்று இயங்குகிறது.

உங்கள் குடியிருப்பில் பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால் ஒரு பெட்டி தொடங்கலாம். மூடியுள்ள மரப்பெட்டியோ பிளாஸ்ரிக் பெட்டியோ போதும். வீட்டுக்கு ஒரு புத்தகம் போடுங்கள். பழைய சஞ்சிகையானாலும் சரி. பிரதேச சபை நூலகத்தில் பெரியவர் ஒருவர் அங்கத்தவராகி, எடுக்கக்கூடிய புத்தகங்களை எடுத்து வந்து சுற்றுக்கு விடலாம். வெளியூரில் உள்ள உறவினர் என்ன அனுப்ப என்று கேட்டால், இனிப்போடு இரண்டு கதைப்புத்தகமும் அனுப்பச் சொல்லலாம். கைத்தொலைபேசி உள்ள வீட்டில், 2005ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களையும் பழைய சஞ்சிகைகளையும் இலவசமாக வாசிக்கலாம். மேலே சொன்ன பழைய நாவல்களைத் தேடுவோர் முதலில் அங்கே பார்க்கலாம்.

பெட்டியை வளர்ந்த பிள்ளை ஒன்றின் பொறுப்பில் விடுங்கள். எடுத்தவர் பெயரை எழுத ஒரு கொப்பி போதும். தண்டம் வேண்டாம், அறிக்கையும் வேண்டாம். திருப்பித் தந்தால் அடுத்ததை எடுக்கலாம் என்ற ஒரு சட்டம் மட்டும் இருக்கட்டும். மறுபடியும் இடம்பெயர நேர்ந்தால் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்பதையும் எமது மக்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

விதித்த புத்தகங்களை ஒதுக்கிவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. பாடநூலைப் படிக்கத்தான் வேண்டும். தாமாகத் தேடிப்போகாத நல்ல நூல்களை ஆசிரியர் காட்டித்தரத்தான் வேண்டும். வயலும் வேண்டும், வீட்டுத்தோட்டமும் வேண்டும் என்பதை விவசாயிக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. வயலில் நெல்லைத்தான் விதைக்கிறோம். வீட்டுத்தோட்டத்தில் பிள்ளை ஆசைப்பட்டு நட்ட பூசணிக் கொடியையும் பிடுங்காமல் விடுகிறோம்.

வரும் தவணை விடுமுறையில் ஒரு காரியம் செய்து பாருங்கள். பிள்ளையை நூலகத்துக்கோ புத்தகப் பெட்டிக்கோ கூட்டிச் செல்லுங்கள். விரும்பிய ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். அட்டையைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். முடித்துவிட்டாயா என்றும் கேட்க வேண்டாம். சில நாட்கள் கழிய, அடுத்த புத்தகம் எங்கே என்று பிள்ளை உங்களைக் கேட்கும். அந்தக் கேள்வி வந்துவிட்டால், அந்தப் பிள்ளையிடமிருந்து இனி ஒருவரும் பறிக்க முடியாத ஒன்று அதற்குக் கிடைத்துவிட்டது.